நடக்காத பாதையின் முள்

உப்பூரணியில் வயதானவர்கள் வீட்டில் சீமைக்கருவேல முள் முளைப்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று ஊர் பழகிவிட்ட பிறகுதான் இட்லிக்கடை மங்களேஸ்வரியின் கொல்லையிலும் அது முளைத்தது. கிணற்றைத் தாண்டி, துவைகல்லைத் தாண்டி, பழைய படல் கதவு சாய்ந்துகிடக்கும் மூலையில், நேற்றுவரை வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில், காலையில் அவள் சேலை உலர்த்தப் போனபோது ஆள் உயரத்துக்கு ஒரு புதர், பச்சையும் மஞ்சள் பூவுமாக, ரொம்ப காலமாக அங்கேயே குடியிருப்பதைப் போல நின்றது. மங்களேஸ்வரி முள்ளுக்குப் பயந்தவள் இல்லை. இந்தச் சீமையில் பிறந்துவிட்டு முள்ளுக்குப் பயந்தால் வாசல்படி தாண்ட முடியாது. அவளைக் கலங்கடித்தது வேறு. அந்தப் புதருக்கு அப்பால் என்ன இருந்தது என்று யோசித்தாள், ஒன்றும் வரவில்லை. படல் இருக்கிறதென்றால் வழி இருந்திருக்கும், வழி இருந்ததென்றால் போகிற இடம் ஒன்று இருந்திருக்கும், போகிற இடம் என்றால் அங்கே யாராவது இருந்திருப்பார்கள். யார்? ஈரச் சேலை தோளில் சொட்டச் சொட்ட அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

இந்தக் கூத்து ஊரில் முதலில் ஆரம்பித்தது அருளானந்து வாத்தியார் வீட்டில். பணி ஓய்வு பெற்று வந்தவர் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஒரு நாள் நாற்காலிக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு முள் முளைத்தது. வீட்டுக்காரி அலறியடித்துக்கொண்டு வந்து பார்த்தபோது வாத்தியார் அலமாரியைக் காட்டி, "அதுக்குள்ள என்ன வச்சிருக்க, அரிசியா?" என்று கேட்டார். அடுத்து மேலத்தெரு ராக்கு. முழங்கால் வலிக்கிறது என்று நாலு வீடு தள்ளியிருந்த மகள் வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள், முள் அந்த வாசலை மறைத்து வளர்ந்தபோது, "எனக்கு மக இருக்கான்னு சொல்றாகளே, நெசமா?" என்று பக்கத்து வீட்டில் போய் விசாரித்தாள். நடக்காத பாதையில் முள் முளைக்கும் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஊரில் அது அப்படியே நடக்க ஆரம்பித்தது. ஏன் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் மழை ஏன் பெய்யவில்லை என்பதற்கே இன்னும் பதில் கிடைக்காத ஊரில், முள் ஏன் முளைத்தது என்று எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது? கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டு அதோடு குடித்தனம் நடத்தப் பழகினார்கள்.

பழகப் பழக முள்ளின் குணமும் பிடிபட்டது. அரிவாளால் வெட்டினால் ஒன்றுக்கு ரெண்டாகத் தழைத்தது. அடுத்தவர் போய் மிதித்தால் அசையவில்லை. யார் மறந்தாரோ அவர் காலுக்கு மட்டும்தான் விலகியது, அதுவும் அவராக எதையாவது நினைவுக்குக் கொண்டுவந்த பிறகுதான், ஒரு பாதம் வைக்கிற அளவுக்கு. இந்த இடத்தில்தான் பெரிய சங்கடம். அந்தப் பக்கம் இருப்பது இன்னார்தான் என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால் முள் வெறிபிடித்த மாதிரி அடர்ந்துவிடும். ராக்குவின் மகளே ஓடிவந்து, "ஆத்தா, நான்தான் ஒன் மக" என்று கத்திய அன்று, புதர் கூரையைத் தொட்டது. அதற்குப் பிறகு ஊரில் ஒரு கட்டுப்பாடு வந்தது: அடுத்தவர் முள்ளுக்குப் பின்னால் இருப்பதை யாரும் சொல்லக் கூடாது. ஊர்க்கூட்டம் எதுவும் போடவில்லை, தண்டோராவும் போடவில்லை. சாவு விழுந்த துஷ்டி வீட்டில் போய் 'வருகிறேன்' என்று சொல்லாமல் கிளம்புவதைப் போல, சின்னப் பிள்ளைகள்கூட அதைத் தாமாகக் கற்றுக்கொண்டார்கள்.

வேரோடு பிடுங்கிப் பார்த்தவர்களும் உண்டு. வடக்குத்தெரு சந்தியாகுவின் மகன்கள் பொக்லைன் எந்திரத்தைக் கொண்டுவந்து அப்பனின் முள்ளைத் தூரோடு பெயர்த்தெடுத்தார்கள். இடம் சுத்தமாகிவிட்டது, பந்து விளையாடலாம் போல. அந்தச் சுத்தமான இடத்தைத் தாண்டி சந்தியாகுவின் பெண்டாட்டி தினமும் கஞ்சி கொண்டுவருகிறாள்; அவர் மரியாதையாக எழுந்து, "யாரு தாயி நீங்க? ஒங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கட்டும்" என்று வாங்கிக் குடிக்கிறார். முள் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு பாதை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வேரோடு போனது போனதுதான்.

ஊர் இதையும் தன் போக்குக்கு வளைத்துக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் முள் இருக்கிறதா என்று கொல்லைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்துதான் காப்பியைக் கையில் வாங்கினார்கள். வல்லாரைக் கீரை நல்லது என்று எவனோ சொன்னதில் கண்மாய்க் கரை மொட்டையாகிவிட்டது. மிச்சத்தை மேய்ந்த ஆடு ஒன்று பரமக்குடிச் சந்தையில் விற்ற பிறகும் வழி தப்பாமல் வீடு வந்து சேர்ந்தது. அருளானந்து வாத்தியார் சுதாரித்துக்கொண்டு ஓயாமல் வாய்ப்பாடு சொல்லிப் பழகினார், தலைகீழாகவும் சொன்னார்; வாய்ப்பாட்டைச் சுற்றி மட்டும் முள் இல்லை, மற்ற எல்லாப் பக்கமும் காடு. அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் வந்து தெருத் தெருவாகப் பார்த்துவிட்டு, நடங்கள், பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும், காது மந்தமென்றால் மிஷின் வையுங்கள், நன்றாகத் தூங்குங்கள், தெரியாத வேலை ஒன்றைப் புதிதாகப் பழகுங்கள், நாலு பேரோடு பேசுங்கள் என்று சொன்னார். "மாத்திரை ஒண்ணும் இல்லையா சார்?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும், ஆள் படித்தவர்தான், ஆனால் கைராசி போதாது என்று முடிவுகட்டி மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

கரிமூட்டம் போடுகிற ஊருக்கு முள் என்றால் வேறு என்ன தோன்றும்? வெட்டினால் ரெண்டாகத் தழைக்கும் என்று தெரிந்தும், தெரிந்ததனாலேயே, வெட்டிக் கரியாக்கினார்கள். அந்தக் கரியில் ஒரு விசேஷம் இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் காதர் மைதீனின் டீக்கடையில் பாய்லருக்கு அதைப் போட்டதும், டீ குடித்தவர்களுக்கு யாருடைய ஞாபகமோ தொண்டையில் இறங்கியது. தனக்கு மாடே இல்லாத போலீஸ்காரர் ஒருவர் செத்துப்போன கன்றுக்குட்டியை நினைத்து விசும்பினார். கல்யாணமாகாத தபால்காரர் முதல் பிள்ளைக்கு என்ன பேர் வைப்பது என்று யோசித்தார். வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்திக் குடித்துவிட்டுப் போனார்கள். முள்ளுக்கு உரியவர்கள் குடித்தால் மட்டும் அது வெறும் டீயாகவே இருந்தது.

இந்தக் கரி வியாபாரத்தில் ஊரிலேயே பெரிய ஆள் மங்களேஸ்வரியின் மகன் பூமிநாதன். கெட்டவன் இல்லை. சொல்லப்போனால் அவனைப் போல ஒரு பிள்ளை வேண்டுமென்று மற்ற தாய்மார்கள் ஏங்கினார்கள். தகப்பன் ஆண்டிச்சாமி போன பிறகு, அம்மா இட்லித் தட்டோடு புகையில் வெந்து தன்னை ஆளாக்கியதை அவன் மறந்ததே இல்லை. கையில் நாலு காசு வந்ததும் முதல் வேலையாகக் கடையை இழுத்து மூடினான். "போதும்மா. இனிமே நீ உக்காரு." அம்மா தண்ணீர் எடுக்கப் போனால், "உக்காரும்மா." முருங்கைக்கீரை ஆயப் போனால், "தமயந்தி, அம்மாட்ட இருந்து அதை வாங்கு. நீ உக்காரும்மா." மங்களேஸ்வரி கடைக்குப் போவது நின்றது, கோயிலுக்குப் போவது நின்றது, மருமகள் தமயந்தி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தாள். ஊர் முழுக்க இதே கதைதான். பெற்றவர்களை உட்காரவைத்துச் சோறு போடுவதுதான் பிள்ளைக்கு அழகு என்று நம்பிய அந்த ஊரில், எந்த வீட்டில் பாசம் அதிகமோ அந்த வீட்டில்தான் முள்ளும் அதிகம். இது எல்லோர் கண்ணுக்கும் முன்னாலேயே இருந்தது, ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"அந்தப் பக்கம் என்னடா இருக்கு?" என்று மங்களேஸ்வரி மகனிடம் கேட்டாள்.

பூமிநாதன் சோற்றுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. "பொட்டக்காடு. வேற என்ன?"

"பொட்டக்காட்டுக்கு எதுக்குடா படலு?"

"சாப்பிடும்மா."

அவன் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊர் வழக்கத்துக்காக வாயைக் கட்டியவனின் முகம் இல்லை அது. எதையோ ஒளிக்கிறவனின் முகம். அன்று மத்தியானம் அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, தூங்குகிறாள் என்று நினைத்து அவன் அடுப்படியில் பெண்டாட்டியிடம் பேசினான். கண்மாயில் தூர்வாருகிற பொக்லைன் அந்த வேலை முடிந்ததும் நேராக இங்கே வருகிறது, கொல்லையை ஒரே மூச்சில் பெயர்த்துப் போட்டுவிடலாம் என்றான்.

"பாவங்க. வேரோட போயிட்டா அப்புறம் வராதே," என்றாள் தமயந்தி.

"வராமப் போகட்டும். அந்த வீட்ட நெனச்சு நெனச்சு அம்மா எத்தன நாளு சோறு திங்காமக் கெடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா? சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு அழும். நான் பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். இப்பதான் சாமியாப் பாத்து மறக்கடிச்சிருக்கு. மறந்தது மறந்தபடியே போகட்டும்."

மங்களேஸ்வரி கண்ணைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீடு அவளை அழவைத்திருக்கிறது, அழுததுகூட இப்போது அவளிடம் இல்லை. எவனோ வீடு புகுந்து பெட்டியைத் தூக்கிப்போய்விட்டான், பெட்டியில் என்ன இருந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை என்றால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? சாயங்காலம் மகன் வந்தபோது கேட்டேவிட்டாள்.

"என்னையக் கேக்காம என் முள்ள எப்படிடா நீ புடுங்குவ?"

அவன் திடுக்கிட்டான். பிறகு அவள் காலடியில் வந்து குந்தினான். "அது ஒனக்கு வேணாம்மா. நான் ஒனக்குக் கெட்டது செய்வேனா? சொன்னாக் கேளு. உக்காரு."

பெற்ற வயிறு, அந்தக் குரலில் இருந்த பாசத்துக்கு இளகத்தான் செய்தது. ஆனாலும் அடுத்த நாள் காலையில் அவன் வெளியே போனதும் அவள் கொல்லைக்குப் போய்ப் புதருக்கு முன்னால் நின்றாள். எதையாவது நினைத்தால்தான் வழி விடும். என்னத்தை நினைப்பது? குருடன் இருட்டில் ஊசி தேடிய கதைதான். ஆணா, பெண்ணா, உறவா, கடன்காரியா? முரட்டுத்தனமாகக் காலை நீட்டினாள். முள் கெண்டைக்காலைக் கிழித்தது. தினமும் போய் நின்றாள், தினமும் ரத்தத்தோடு திரும்பினாள். எந்திரம் உள்ளே வர வசதியாக இருக்கட்டும் என்று பூமிநாதனின் ஆட்கள் கொஞ்சம் கிளையை வெட்டி மூட்டத்தில் போட்டார்கள், அதற்குப் பதிலாகப் புதர் கிணற்றடிவரை வந்துவிட்டது. கண்மாய்ப் பக்கமிருந்து எந்திரத்தின் உறுமல் நாள் முழுக்கக் கேட்டது. அது நிற்கிற போதெல்லாம் வேலை முடிந்துவிட்டதோ என்று அவள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

வெட்டிய கிளை கரியாகிக் காதர் மைதீன் கடைக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்ததும், மங்களேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அவள் தெருவில் நடந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. கடையில் இருந்த ஆம்பிளைகள் ஒதுங்கி இடம் விட்டார்கள். எல்லோர் கையிலும் டீ, எல்லோர் முகத்திலும் ஒரு மயக்கம், சிலர் தம்மையறியாமல் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் கைகளைக் கீழே போட்டார்கள்.

"எனக்கும் ஒண்ணு குடு தம்பி."

"ஒங்களுக்கு அது வெறும் டீதானே அக்கா," என்றார் காதர், குற்றம் செய்தவரைப் போல. ஆனாலும் ஆற்றிக் கொடுத்தார். வெறும் டீதான். சீனி கூடக் கொஞ்சம் தூக்கல். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "ஒருத்தரும் சொல்ல மாட்டிய. அப்படித்தானே?" காதரின் கண் கலங்கியிருந்தது, கரிப்புகை என்று துடைத்துக்கொண்டார்.

அப்போது வெளியே லாரிச் சக்கரத்தின் பக்கத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர், ஊர் வழக்கம் எதுவும் தெரியாத அசலூர்க்காரர், தன் போக்கில் சத்தமாகச் சொன்னார்: "என்ன டீ போட்டீங்க பாய்? உள்ள போனதும் யாரோ தலை பின்னிவிடுற மாதிரியே இருக்கு. வெடுக்கு வெடுக்குன்னு இழுத்து, ரெட்டைச் சடை. எனக்குத் தலையில முடியே இல்லையே!"

காதர் பதறிக் கையமர்த்தினார். ஆனால் டிரைவர் ஆள் இன்னார் என்று சொல்லவில்லை, பின்னுகிற விரலைத்தான் சொன்னார். மங்களேஸ்வரி டம்ளரை வைத்தாள். உச்சந்தலையில், வகிடு எடுக்கிற இடத்தில், ஒரு விரல் நகம் கோடு போட்டது. தலை குனிந்தால் பட்டென்று ஒரு அடி. ஆடாம நில்லுடி. யாருடைய குரல் என்று தெரியவில்லை, ஆனால் குரல் வந்துவிட்டது. அதைக் கையில் ஏந்திய தண்ணீரைப் போலச் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும் என்ற பயத்தோடு அவள் வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்கு முன்னால் பொக்லைன் வந்து நின்றுகொண்டிருந்தது.

பக்கவாட்டு மதிலை இடித்துத்தான் அது கொல்லைக்குள் போக வேண்டும். பூமிநாதன் கையை ஆட்டி வழி காட்டிக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும், "எங்கம்மா போன இந்த வெயில்ல? தமயந்தி, அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வை," என்று கத்தினான். தமயந்தி ஓடிவந்து மாமியாரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கூடத்தில் நாற்காலி துடைத்து வைத்திருந்தது. மருமகள் அந்த நாற்காலியைப் பார்த்தாள், மாமியாரின் கிழிந்த கெண்டைக்காலைப் பார்த்தாள். பிறகு கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"அத்தை, என் செருப்பு அங்க கெடக்கு. கெட்டியான செருப்பு," என்றாள். ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "ஏங்க, டிரைவர் அண்ணன் மொதல்ல மோர் குடிக்கட்டும்," என்று அவள் சொல்வது கேட்டது.

மங்களேஸ்வரி புதருக்கு முன்னால் நின்றாள். வகிடு எடுக்கிற விரலை நினைத்தாள். ஒரு கிளை, பேருந்தில் மனமில்லாமல் நகர்ந்து இடம் விடுகிறவரைப் போல, கொஞ்சம் விலகியது. காலை வைத்தாள். விரலுக்கு மணம் இருந்தது, நல்லெண்ணெய் மணம். இன்னொரு கால். சிவப்பு ரிப்பன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், பனங்காட்டுக்குள், பின்னாலேயே நடந்துகொண்டு ஒருத்தி இவள் சடையைப் பின்னுகிறாள். நேரமாகிவிட்டது, நின்று பின்ன முடியாது, நட நட என்று முதுகில் இடிக்கிறாள். இன்னொரு கால். குழிப் பணியாரத்தின் மொறுமொறுப்பான ஓரத்தைப் பிய்த்து இவள் வாயில் திணித்துவிட்டு நடுவை அவள் தின்கிறாள். புதர் பின்னால் மூடிக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே வானம் கிளைகளுக்கு இடையில் துண்டு துண்டாகத் தெரிந்தது. தலைமுடி கொத்தாக மாட்டியது, இழுத்துக்கொண்டு போனாள். எங்கோ மதில் சரிந்து விழுந்தது. எந்திரத்தின் உறுமல் இப்போது தரை வழியாகவே காலில் ஏறியது.

நடுக்காட்டில் முள் கறுத்திருந்தது. அங்கே விரலும் இல்லை, எண்ணெய் மணமும் இல்லை. இன்னும் என்ன இருக்கிறது என்று நெஞ்சைத் துழாவினாள். வந்தது. ஆண்டிச்சாமியைக் கிடத்தியிருக்கிறார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும், அதைப் போர்த்திய பிறகுதான் மற்ற உறவுமுறை போர்த்த வேண்டும். "பொறந்த வீட்டுக் கோடி எங்க?" என்று யாரோ கேட்கிறார்கள். அப்பன் ஆத்தா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. கொண்டுவர வேண்டியவள் ஒருத்திதான். பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள், அவள் வரவில்லை. "நாதியத்தவ போல," என்று ஒரு கிழவி முணுமுணுக்கிறாள். ஊர் பார்க்கக் கூனிக் குறுகிப்போய் வெறும் முதுகோடு உட்கார்ந்திருந்த மங்களேஸ்வரி, காரியம் முடிந்ததும் கொல்லைப் படலில் நின்று அந்த வீட்டைப் பார்த்துக் கத்தினாள்: இனி இந்தப் படலைத் தாண்டி ஒரு அடி வச்சே, என் பொணத்துலதான் முழிப்பே.

அவமானம் நேற்று நடந்ததைப் போல உடம்பெல்லாம் எரிந்தது. மகன் சொன்னது சரிதான், இதைத்தான் முள் மூடிவைத்திருந்தது. ஒரு முகமும் இல்லாமல் ஒரு கோபம் மட்டும் கைக்கு வந்திருக்கிறது. திரும்பிவிடலாம். திரும்பினால் நாற்காலி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, எந்திரம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும், வலியும் போய்விடும். மங்களேஸ்வரி அங்கேயே நின்று, ஆண்டிச்சாமி செத்த அன்று அழாத அழுகையைச் சேர்த்து அழுதாள். ஆனால் இட்லிக்கடை வைத்துப் பிழைத்தவள். சூட்டுக்குப் பயந்து பாத்திரத்தை நடுவழியில் போட்டதில்லை. வலித்தாலும் அது என்னுடையது, என்னைக் கேட்காமல் அதை யாரும் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டுக் கறுத்த முள்ளின் மேல் காலை வைத்தாள்.

கால் வெறும் தரையில் பட்டது.

புதர் அங்கேயே முடிந்துவிட்டிருந்தது. எதிரே முள்ளும் இல்லை, புல்லும் இல்லை. ஒரு ஒற்றையடிப் பாதை, கால் பட்டுக் கால் பட்டு இறுகி, சாணி மெழுகிய வாசலைப் போல வழவழவென்று, தூரத்தில் ஒரு ஓட்டு வீட்டிலிருந்து கிளம்பி நேராக வந்து சரியாக இந்த இடத்தில், பாதி வழியில் நின்றிருந்தது. தினமும் யாரோ இதுவரைக்கும் வந்திருக்கிறார்கள். வந்து நின்றிருக்கிறார்கள். அவர்கள் நிற்கிற இடத்தில் மண் குழிந்திருந்தது.

அந்தக் குழிவில் ஒரு கிழவி நின்றாள். வெள்ளை முடி, குட்டையான உருவம். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள், ஒரு சொல்லும் வெளியே வந்துவிடக் கூடாது என்று. கண் மட்டும் கெஞ்சியது. சொல்லிவிட்டால் முள் மூடிக்கொள்ளும். சொல்லாவிட்டால் இவள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம். பின்னால் முதல் தூர் பெயர்கிற சத்தம் கேட்டது, மங்களேஸ்வரியின் நெற்றிக்குள் எதுவோ அறுந்தது.

"நீ... கோடி போட வராதவ," என்றாள்.

கிழவி ஆமாம் என்று தலையாட்டினாள். கண்ணீர் தாடையில் வழிந்தது.

"பணியாரத்துல நடுவத் தின்னவ."

தலையாட்டினாள்.

இன்னொரு தூர் பெயர்ந்தது. எண்ணெய் மணம் மங்கியது. மங்களேஸ்வரி கண்ணை இறுக்கி மூடி, சடையை இழுக்கிற அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, விரலிலிருந்து கைக்கு, கையிலிருந்து வளையலுக்கு, வளையலிலிருந்து தோளுக்கு என்று ஏறிப் போனாள். முகம் இன்னும் வரவில்லை. பனங்காடு வரைக்கும் கேட்கிற மாதிரி ஆத்தா வாசலில் நின்று அழைக்கிறாள், ரெண்டு பேரையும் சேர்த்து அழைக்கிறாள், முதலில் மூத்தவளை.

"பஞ்சவர்ணம்," என்றாள். "அக்கா. பஞ்சவர்ணத்தக்கா."

வாயிலிருந்த தலைப்பு விழுந்தது. பஞ்சவர்ணம் போட்ட சத்தம் எந்திரத்தின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது என்று பிற்பாடு ஊரில் சொன்னார்கள். எந்திரம் நின்றது உண்மை. ஆனால் அது நின்றதற்குக் காரணம், டிரைவர் அடுத்த தூரைத் தேடியபோது தூர் எதுவும் இல்லாமல், புதரின் நடுவே ஒரு ஆள் போகிற அகலத்துக்கு வழி திறந்து கிடந்ததுதான். அந்த வழியில் பூமிநாதன் சட்டை கிழிய ஓடிவந்து, ரெண்டு பேரையும் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"வந்தேன்டி," என்றாள் பஞ்சவர்ணம். "கோடிய இடுப்புல சொருகிக்கிட்டு ஒன் வாசல் வேம்படி வரைக்கும் வந்தேன். சடை பின்னிவிட்ட கையால ஒனக்கு அதப் போத்த எனக்குக் கை வரல. திரும்பிட்டேன். நீ படலத் தாண்டக் கூடாதுன்ன. தாண்டல. அதான் பாதி வழி வரைக்கும் வந்து வந்து போனேன்."

மங்களேஸ்வரிக்குக் கோபம் போய்விடவில்லை. அது இருந்தது, ஆனால் இப்போது அதற்கு ஒரு முகம் இருந்தது, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சுமக்கலாம் போலிருந்தது.

"சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

"கேட்டிருக்கலாம்ல," என்றாள் அக்கா. பிறகு தங்கையின் தலையைப் பார்த்துவிட்டுப் பழைய மூத்தவளாகவே ஆகிவிட்டாள். "ஐயோ, தலையெல்லாம் முள்ளு. இப்படியா விரிச்சுப் போட்டுக்கிட்டு வருவ? உக்காரு, எடுத்துவிடுறேன்."

"உக்கார மாட்டேன்," என்று மங்களேஸ்வரி போட்ட போட்டில் பூமிநாதன் ஒரு அடி பின்வாங்கினான். "நடந்துக்கிட்டே எடு."

முன்னால் தங்கை, பின்னால் அக்கா, அவர்களுக்கும் பின்னால் கிழிந்த சட்டையோடு மகன் என்று திறந்த வழியில் நடந்தார்கள். மண்ணில் குழிந்த இடம் முடிந்து தங்கையின் பக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் பஞ்சவர்ணத்தின் கால் தயங்கியது. விரல் தலைமுடியிலேயே நின்றது.

"தாண்டலாமாடி?" என்று கேட்டாள்.

மங்களேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பினால் அடி விழும் என்று அவளுக்குத் தெரியும்.

"முடிய விட்டுறாம வாக்கா," என்றாள்.